உதவி தேவை: மொனிட்டர் ஒழுங்காக எரியவில்லை

நானுஓயா ஆசிரியை:
வணக்கம். எனது மொனிட்டர் சில நாட்களாக ஒழுங்காக எரியவில்லை. ஐந்தாந்தரப் பிள்ளைகளுக்கான மாதிரி வினாத்தாளை வெள்ளிக்கிழமைக்குள் தட்டச்சு செய்து முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பண்டாரவளை வாசகன்:
டீச்சர், "ஒழுங்காக எரியவில்லை" என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆளியை அழுத்தும்போது முன்பக்கத்துச் சிறிய விளக்கு எரிகிறதா, விட்டு விட்டு மினுங்குகிறதா, அல்லது அதுவும் இல்லையா? வாங்கி எத்தனை வருடம்?

ஹட்டன் கணினிப் பிரியன்:
இது மொனிட்டரின் குற்றமாக இருக்காது. நம் பக்கத்து ஈரக்காற்றில், கணினிக்குள் செருகியிருக்கும் நினைவகப் பலகையான ரெம்மின் முனைகளில் களிம்பு படிந்து, கணினி படமே அனுப்பாமல் இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். ரெம்மைக் கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள்.

மூத்த உறுப்பினர்:
உதவி கேட்பவர் விபரம் தருவதில்லை, பதில் சொல்பவர் விபரம் கேட்பதில்லை. இதை இந்த இடத்தில் எத்தனை முறை சொல்வது? முதலில் கணினியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மொனிட்டருக்கு மின்சாரம் மட்டும் கொடுங்கள். நல்ல மொனிட்டராயின் சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்பு சில விநாடிகளாவது திரையில் தோன்றும். அது தோன்றினால்தான் கணினியைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ரெம்மைக் கழற்றச் சொல்வது தலைவலிக்குக் காலில் பற்றுப் போடுவதாகும்.

நானுஓயா ஆசிரியை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வாங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. கேபிளைக் கழற்றியும் பார்த்தேன், அறிவிப்பு வரவில்லை. காலையில் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், அரை மணித்தியாலம் கழிந்தபின் தானாகப் படம் வரும். மதியத்தில் போட்டால் உடனே வருகிறது.

வெலிமடைத் திருத்துநர்:
காலையில் வராமல் மதியத்தில் வருகிறது என்பதைத்தான் டீச்சர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மொனிட்டருக்குள் இருக்கும் மின்வழங்கல் பலகையில் மின்னைத் தேக்கிவைக்கும் மின்பகுப்புக் கொள்ளளவிகள், கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்பவை, வருடக்கணக்கில் சூடேறி உள்ளிருக்கும் திரவத்தை இழக்கும்போது அவற்றின் உட்தடை கூடுகிறது. குளிரில் அது மேலும் கூடுவதால் பலகை தொடங்க முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயல்கிறது. அந்த முயற்சியே நீங்கள் காணும் மினுங்கல். சற்றுச் சூடானதும் தடை குறைந்து மொனிட்டர் எழுந்துவிடுகிறது. தலைப்பாகம் உப்பியிருந்தால் ஐயமே இல்லை, உப்பாமலும் கெட்டிருக்கலாம்.

அதே மைக்ரோபரட் அளவும், அதே அல்லது அதைவிடக் கூடிய வோல்ட் அளவும், 105 பாகை வெப்பம் தாங்கும் என்று குறித்ததும், உட்தடை குறைந்ததுமான கொள்ளளவிகளைப் போடச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் பெரிய கொள்ளளவி ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அது தாக்கக்கூடும்.

ஹட்டன் கணினிப் பிரியன்:
குளிர் என்கிறீர்கள், நான் ஈரம் என்கிறேன். அடுப்படியில் ஓர் இரவு வைத்தால் காய்ந்து சரியாகிவிடும்.

வெலிமடைத் திருத்துநர்:
தம்பி, விறகடுப்பின் கரியும் புகையும் உள்ளே படிந்தால் இருப்பதும் கெடும். அடுப்படியில் வைத்து எழுந்தாலும் அது சூட்டினால்தானே தவிர, காய்ந்ததனால் அல்ல.

பண்டாரவளை வாசகன்:
இரவிலும் பிளக்கைக் கழற்றாமல் விட்டால் உட்பகுதி சிறிது வெதுவெதுப்பாக இருக்குமே, வெள்ளிக்கிழமை வரை அது போதாதா?

மூத்த உறுப்பினர்:
மின்னல் காலத்தில் இப்படிச் சொல்வது பொறுப்பற்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடி எத்தனை வீடுகளின் ரிவிகளைத் தின்றிருக்கிறது என்று தெரியாதா?

பண்டாரவளை வாசகன்:
வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஐயா.

மூத்த உறுப்பினர்:
ட்ரிப் சுவிட்ச் மின்னொழுக்கைக் கண்டு ஆளைக் காப்பதற்கானது. மின்னலால் கம்பி வழியே வரும் அதியுயர் வோல்ட்டை அது தடுக்காது. இடி கேட்கும் முன்பே பிளக்கைக் கழற்றுவதுதான் வழி.

வெலிமடைத் திருத்துநர்:
இதில் ஐயா சொல்வதே சரி. டீச்சர், அதுவரை மதியத்துக்குப் பின் போட்டு வேலையைச் செய்யுங்கள். மழை இருட்டினால் நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

நானுஓயா ஆசிரியை:
நுவரெலியாவில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று கொள்ளளவிகளை மாற்றினார்கள், ஒன்று உப்பியிருந்தது. இன்று காலை ஆறு மணிக்கு அழுத்தியவுடன் எரிந்தது. வினாத்தாளில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.