ரீபூட் செய்தால் டிஸ்க் பெயர்கள் இடம் மாறுகின்றன, எதை நம்பி டிஸ்க்கைக் கழற்றுவது?

கேள்வி

நேற்று சர்வரிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றைக் கழற்றிவிட்டேன். டேட்டா எதுவும் போகவில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இனி இப்படி நடக்கவே கூடாது என்றுதான் கேட்கிறேன்.

இது பேக்கப் சர்வர். மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் இரண்டு எஸ்எஸ்டி, அவற்றில்தான் லினக்ஸ் இருக்கிறது. தனியாக ஒரு எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு), அதில் 4 டிபி டிஸ்க் எட்டு. எட்டும் சேர்ந்து சாஃப்ட்வேர் ரெய்டு 6, அதாவது இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் ஒரே தொகுப்பு. இரண்டு வருடமாக எஸ்எஸ்டிகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், எச்பிஏ டிஸ்க்குகள் எஸ்டிசி முதல் எஸ்டிஜே வரை என்றும்தான் வந்துகொண்டிருந்தன. அதை நம்பி டிரே ஒவ்வொன்றிலும் அந்தந்த எழுத்தை ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் போட்டு ரீபூட் செய்தேன். பூட் ஆகும்போது நடுவில் 90 விநாடி நின்றது, பிறகு ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) இல்லாமலே எழுந்தது. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்தெந்தப் பகுதியை இணைப்பது என்ற பட்டியல்) ஸ்வாப்பை எஸ்டிபி2 என்று எழுதியிருக்கிறேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் லாக்கில் எஸ்டிஎஃப் டிஸ்க்கில் ரீட் எரர் வரிசையாக வந்தது. எஃப் ஸ்டிக்கர் உள்ள டிரேயை இழுத்தேன். ரெய்டு நிலையைப் பார்த்தால் காணாமல் போனது எஸ்டிடி! எரர் கொடுக்கும் எஸ்டிஎஃப் அப்படியே உள்ளே இருக்கிறது.

எச்பிஏ டிஸ்க்குகள் இந்தத் தடவை முந்திக்கொண்டு எஸ்டிஏ முதல் எஸ்டிஎச் வரை எடுத்துக்கொண்டன, எஸ்எஸ்டிகள் கடைசிக்குப் போய்விட்டன. பழைய வரிசையை நிரந்தரமாகப் பூட்டி வைக்க வழி உண்டா? பயாஸில் பூட் ஆர்டரை மாற்றினால் சரியாகுமா?

பதில் 1

பயாஸ் பூட் ஆர்டர் எந்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்வது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். கர்னல் பெயர் வைக்கும்போது அதைப் பார்ப்பதில்லை. எஃப்எஸ்டேபில் எல்லாவற்றையும் யுயுஐடிக்கு (ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள தனி அடையாள எண்) மாற்றுங்கள், ஸ்வாப் உட்பட.

பதில் 2

நண்பரே, முதலில் கழற்றிய டிஸ்க்கை அதே இடத்தில் திரும்பப் போட்டு, எம்டிஅட்மினில் (ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை) ரீ-ஆட் கொடுங்கள். பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் இடையில் மாறிய பகுதிகள் மட்டும் ஒத்திசையும், முழு ரீபில்ட் தேவையில்லை. அதுவரை மற்ற எதிலும் கை வைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் டோக்கன் நம்பர் போல, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முதல் எழுத்து. சாட்டாவுக்கு ஏஎச்சிஐ டிரைவர், உங்கள் எச்பிஏவுக்கு வேறு டிரைவர். இரண்டும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும். கார்டின் ஃபர்ம்வேர் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது, டிஸ்க் சுழல எவ்வளவு நேரம் ஆகிறது, புதுக் கர்னல் எந்த மாட்யூலை முன்னால் ஏற்றுகிறது, இதையெல்லாம் பொறுத்து வரிசை மாறும். இரண்டு வருடம் ஒரே மாதிரி வந்தது அதிர்ஷ்டம்தான்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) ஏஎச்சிஐயை முதலில் ஏற்றச் சொல்லிப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்திருக்கிறேன், இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே கன்ட்ரோலருக்குள்ளும் டிஸ்க்குகளை கர்னல் இணையாகவே தேடுகிறது. ஒரு டிஸ்க் மெதுவாக எழுந்தால் போதும், வரிசை குலைந்துவிடும்.

ரெய்டு தன்னுடைய டிஸ்க்குகளை சூப்பர்பிளாக்கில் (டிஸ்க்கிலேயே எழுதி வைத்த ரெய்டு விவரம்) உள்ள அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் பெயர் மாறியும் உங்கள் ரெய்டு தொகுப்பு அசையவில்லை. ஏமாந்தது ஸ்டிக்கரும் ஸ்வாப்பும்தான். நீங்களும் அதே மாதிரி அடையாளத்தைப் பிடியுங்கள். டெவ் டைரக்டரிக்குள் டிஸ்க் என்ற ஃபோல்டர் இருக்கிறது, அதில் பை-ஐடி, பை-பாத் என்ற உள்ஃபோல்டர்களில் யுடெவ் (டிவைஸ்களுக்குப் பெயர் வைக்கும் சேவை) லிங்குகளை வைத்திருக்கும். பை-ஐடியில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும், அது அந்த டிஸ்க்கோடு போகும். பை-பாத்தில் பிசிஐ முகவரியும் போர்ட்டும் இருக்கும், அது இடத்தோடு நிற்கும்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெயரையும் சீரியலையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து ஸ்டிக்கரை உரித்துவிட்டு, சீரியலின் கடைசி ஐந்து எழுத்தை ஒட்டுங்கள். அப்புறம் கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை: அந்த டிஸ்க்கை டிடியால் (டேட்டாவை அப்படியே படித்து நகலெடுக்கும் கட்டளை) தொடர்ந்து படிக்க விடுங்கள், எந்த விளக்கு நிற்காமல் மின்னுகிறது என்று பாருங்கள். டிஸ்க் பதிலே சொல்லாத நிலையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் படிக்க விடுங்கள். இருட்டாக இருப்பதுதான் நீங்கள் தேடுவது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி சார். ரீ-ஆட் கொடுத்தேன், மூன்று நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. அந்த மூன்று நிமிடமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு எஸ்டிஎஃப் டிஸ்க்கின் சீரியலைப் பார்த்தேன். டிடி ஓடும்போது மின்னியது எச் ஸ்டிக்கர் உள்ள டிரே. வெளியே இழுத்து டிஸ்க்கின் மேலேயே அச்சிட்ட நம்பரோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. புது டிஸ்க் போட்டாயிற்று, ரீபில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம். ஸ்மார்ட் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே சொல்லும் வசதி) கண்காணிப்பின் கான்ஃபிக் ஃபைலிலும் எஸ்டிசி, எஸ்டிடி என்றுதான் எழுதியிருக்கிறேன். அங்கே பை-ஐடி போட்டால் ஏற்குமா?

பதில் 3

ஏற்கும். பை-ஐடி லிங்க்கை முழுப் பாதையோடு எழுதுங்கள். டிஸ்க் மாற்றும்போதெல்லாம் அந்த வரியையும் மாற்ற வேண்டும், அதை மறக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கிரப் (பூட் லோடர்) கொடுக்கும் கர்னல் வரியில் ரூட் என்பது எஸ்டிஏ2 போல இருந்தால் அதையும் யுயுஐடி ஆக்குங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை ஸ்வாப் மட்டுமல்ல, சர்வரே எழாது. மற்றொன்று, டிடியால் டிஸ்க்கைக் குளோன் செய்தால் யுயுஐடியும் அப்படியே நகலாகும். இரண்டையும் ஒரே மெஷினில் மாட்டிவைத்தால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. குளோன் எடுத்ததும் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், அல்லது நகலுக்குப் புது யுயுஐடி கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

கிரப் வரியைப் பார்த்துவிட்டேன், ஏற்கெனவே யுயுஐடிதான். ஸ்வாப்பை மாற்றியாயிற்று. ரீபில்ட் முடிந்ததும் இரண்டு முறை ரீபூட் செய்து பார்க்கிறேன். ஸ்டிக்கர் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் மூன்று பாக்கி.