கே.ஜி.எஃப் நோட்டு: குடும்ப குரூப்பில் ஒரு மதியம்

பெரம்பூர் சித்தப்பா: தாத்தாவோட கே.ஜி.எஃப் (கோலார் தங்கவயல்) நோட்டெல்லாம் லேமினேட் பண்ணக் கொடுக்கப் போறீங்களாமே? வேணவே வேணாம். சூட்டுல பழைய தாள் பாழாயிடும், அப்புறம் பிளாஸ்டிக்கைப் பிரிச்சு எடுக்கவும் முடியாது. செலோடேப்பும் கூடாது, பசை பழுப்பா ஊறிடும்.

கொளத்தூர் அண்ணி: சரி மாமா. துருப்பிடிச்ச குண்டூசி நிறைய இருக்கே?

பெரம்பூர் சித்தப்பா: அப்படியே இழுக்காதம்மா, தாள் கிழியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஒல்லியா வெட்டி ஊசிக்கும் தாளுக்கும் நடுவுல விட்டு, அதுமேலயே நகர்த்தி எடு. தூசிக்கு மெத்துன்னு ஒரு பிரஷ் போதும். ஈரத்துணி மட்டும் ஆகாது, காப்பியிங் பென்சில் எழுத்து ஊதாவா ஓடிரும்.

கார்த்தி: சுரங்கம் பத்தின பக்கம் மட்டும் போட்டோ எடுக்கலாமா? பாதி மளிகைக் கணக்குதான் 😅

வியாசர்பாடி அத்தை: மளிகைக் கணக்கைத்தான்டா முதல்ல எடுக்கணும். தேதி இல்லாத பக்கத்துக்கு அதுதான் சாட்சி. அணாவுக்குப் பதிலா வந்த நயா பைசான்னு இருந்தா 1957 ஏப்ரல்லயோ அதுக்கு அப்புறமோதான், சந்தேகமே இல்ல. அணாவை மட்டும் அப்படி நம்பாத. காசு மாறின பிறகும் ஜனங்க அணாக் கணக்கை உடனே விடல. நடுவுல செருகின சம்பளச் சீட்டுல ‘பாரத் கோல்டு மைன்ஸ்’னு சுரங்கத்தை நடத்தின அரசுக் கம்பெனி பேரு இருந்தா 1972-லயோ அதுக்குப் பின்னாடியோதான்.

கார்த்தி: ஓகே அத்தை. ‘ஏர் பிளாஸ்ட்’னு அங்கங்க இருக்கே, வெடி வச்சதா?

பெரம்பூர் சித்தப்பா: இல்லடா, பாறை தானா வெடிக்கிறது. அங்க சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கு மேல ஆழம். தங்கக் கல்லை வெட்டி எடுத்த காலியிடத்தைச் சுத்தி அழுத்தம் ஏறி ஏறி, ஒருநாள் படார்னு தெறிக்கும். மேல தொழிலாளிங்க இருந்த லைன் வீடே ஆடும். காலியிடத்துல கருங்கல் கட்டி முட்டுக் கொடுத்தது அதுக்குத்தான். அந்த வார்த்தை வர்ற பக்கத்தோட தேதியைத் தனியா குறிச்சு வை.

கொளத்தூர் அண்ணி: போட்டோ எப்படி எடுக்கட்டும்?

பெரம்பூர் சித்தப்பா: ஜன்னலோரம், நேர் வெயில் படாம, ஃபிளாஷ் இல்லாம. போன் சாயக்கூடாது. பக்கத்துல ஒரு ஸ்கேல். காலிப் பக்கத்தையும் விடாத, வரிசை போயிடும்.

வியாசர்பாடி அத்தை: எடுத்ததும் நோட்டைப் பரண்ல போடாதீங்க. ஐப்பசி மழைக்கு ஓதம் ஏறி பூச்சி அரிக்கும். வீட்டுக்குள்ள பீரோ நடுத்தட்டு நல்லது.

கார்த்தி: முதல் பத்துப் பக்கம் இப்பவே குரூப்ல போடறேன்.

பெரம்பூர் சித்தப்பா: போட்டோவா போடாத, வாட்ஸ்அப் சுருக்கிடும், பென்சில் எழுத்து படிக்க வராது. டாக்குமெண்ட்டா அனுப்பு.