‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பதற்குக் கலைச்சொல்: சுழலாமையா, சுழற்றாமையா?

முதல் மடல்

வணக்கம்.

கார் பழுதுபார்ப்புக் கையேட்டின் தமிழாக்கத்தில் ஒரு தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. பழைய இன்ஜினை இறக்கி வேறு இன்ஜின் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் எதுவும் அசையவில்லை. இந்த நிலைக்கு வரைவில் ‘தொடங்காமை’ என்று போட்டிருக்கிறோம். இரண்டு அத்தியாயம் தள்ளிப் பார்த்தால், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மின்மோட்டார்) நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத நிலைக்கும் அதே ‘தொடங்காமை’.

இரண்டும் வெவ்வேறு நோய். முதலாவதில் பெட்ரோல் பம்பு, பிளக், இன்ஜெக்டர் எதையும் தொட வேண்டியதில்லை. பேட்டரி, கேபிள், ரிலே, செல்ஃப், கியர்பாக்ஸ் பொருத்தம், இவற்றுக்குள்தான் தேட வேண்டும். ஒரே சொல்லை வைத்தால், செல்ஃபே சுற்றாத வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாவதைச் ‘சுழலாமை’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

மறுமொழி

> முதலாவதைச் ‘சுழலாமை’ என்று வைக்கலாம்

பட்டறையில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘செல்ஃப் எடுக்கல’. மற்றது ‘செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல’. இந்த வேறுபாட்டை மெக்கானிக் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நம் வரைவுதான் குழப்பியது.

‘செல்ஃப்’ வந்த வழியும் நேரானதுதான். முன்பு இன்ஜினின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். 1912ஆம் ஆண்டு கடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்மோட்டார் வந்தபின் வண்டி தானே சுற்றிக்கொண்டது. தானே சுற்றுவதால் செல்ஃப். இந்தச் சொல்லைக் கையேட்டிலிருந்து தூக்காதீர்கள். ‘தொடக்கி மின்னோடி’ என்று மட்டும் எழுதினால் வாசகர் அதை எங்கே போய்த் தேடுவார்?

மறுமொழி

‘செல்ஃப்’ இருக்கட்டும். ஆனால் தலைப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டும், சொல்லடைவிலும் அது நிற்க வேண்டும்.

கிராங்க் என்பதற்கான ‘வணரி’யிலிருந்து ஏதாவது ஆக்கலாமா என்று பார்த்தேன். வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த கொம்பை வணர்கோடு என்பது பழைய வழக்கு. வணரித்தண்டு (இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட்) என்ற உறுப்புப் பெயருக்கு அது பொருந்தும். ‘வணரியாமை’ என்றால் வாயில் நுழையாது.

சுழல்தான் சரியான வேர். ஆனால் தமிழ் நமக்கு இலவசமாகத் தரும் ஒன்றை விட்டுவிட்டோம். சுழல் தன்வினை, சுழற்று பிறவினை. இன்ஜின் சுழலும், செல்ஃப் அதைச் சுழற்றும். ஆகவே செல்ஃப் தன் வேலையைச் செய்யாதது சுழற்றாமை. செல்ஃப் முயன்றும் இன்ஜின் அசையாதது சுழலாமை. இன்ஜின் மாற்றிய வண்டியில் இந்த இரண்டும் வரும், காரணங்களும் வேறு வேறு.

மறுமொழி

இந்தப் பிரிவினை அழகாக இருக்கிறது. ஆனால் வண்டியில் நிற்குமா? சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி. இது சுழற்றாமையா, சுழலாமையா? வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். சோதித்துப் பிரிக்க முடியாத இரண்டுக்கு இரண்டு பெயர் வைப்பதில் பயனில்லை.

மறுமொழி

> சோதித்துப் பிரிக்க முடியாத இரண்டுக்கு

பிரிக்கலாம், ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலேயே பிடியுங்கள். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இப்போது ஒருவர் சாவியைத் திருப்பட்டும்.

மீட்டர் 12.5 பக்கமே நின்றால் செல்ஃபுக்கு மின்னோட்டம் போகவேயில்லை. அது சுழற்றாமை. 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்து, இன்ஜினும் அசையவில்லை என்றால் மின்னோட்டம் பாய்கிறது, ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது. அது சுழலாமை. செல்ஃபே உள்ளே பழுதாகி மின்சாரத்தை விழுங்கினாலும், பேட்டரி பலமிழந்திருந்தாலும் இதே வீழ்ச்சி வரும். ஆகவே அடுத்து வணரித்தண்டின் முன்பக்கக் கப்பி போல்ட்டில் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கையால் சுற்றினால் கோளாறு செல்ஃபிலோ பேட்டரியிலோ. சுற்றாவிட்டால் இன்ஜின் பக்கம்.

சுற்றவில்லையா? பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது சுற்றி, பிளக் துளையிலிருந்து எண்ணெயோ தண்ணீரோ பீய்ச்சினால் சிலிண்டருக்குள் திரவம் நின்றிருக்கிறது. அப்போதும் அசையவில்லை, வண்டியோ ஆட்டோமேட்டிக் என்றால், இன்ஜின் விசையைத் திரவம் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கியர்பாக்ஸ் பம்பில் முழுதாக உட்காராமல் இருக்க, கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்திருப்பார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் முகங்களும் கையாலேயே ஒட்டிச் சேர வேண்டும். போல்ட்டால் இழுக்க வேண்டியிருந்தாலே எங்கோ தவறு. இந்த நிலையில் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்தால் பம்பு உடையும்.

மறுமொழி

சுழலாமையில் இன்னொரு கிளையும் உண்டு. செல்ஃப் ‘விர்ர்’ என்று சுற்றும், இன்ஜின் மட்டும் சும்மா இருக்கும். செல்ஃபின் சிறு பற்சக்கரமான பினியன், ஃப்ளைவீலின் (இன்ஜினின் பின்பக்கக் கனச்சக்கரம்) விளிம்பிலுள்ள ரிங் கியரைக் கவ்வவில்லை. வந்த இன்ஜினின் ஃப்ளைவீலும் பழைய வண்டியின் செல்ஃபும் பொருந்தாதபோது இது வரும்: பல் எண்ணிக்கை வேறு, விட்டம் வேறு, அல்லது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் வர வேண்டிய தகடு விடுபட்டுச் செல்ஃப் தள்ளி நிற்கிறது. ஏற்றுவதற்கு முன்பே இரண்டு ஃப்ளைவீலையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆக, சுழலாமையின் கீழ் இறுகல், கவ்வாமை என இரண்டு துணைத்தலைப்பு வையுங்கள்.

மறுமொழி

சுழற்றாமை அத்தியாயம்தான் பெரிதாக இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றியபின் வரும் கேஸ்களில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் பட்டை. இன்ஜினை பாடியோடு இணைக்கும் அந்தப் பின்னல் பட்டையை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்த பரப்பின் மேல் முறுக்கியிருப்பார்கள். ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும். அவற்றுக்கு பாடி வழியாகப் பாதை இருக்கிறது. செல்ஃபுக்கோ இன்ஜின் கட்டைதான் பாதை. சில வண்டியில் மின்னோட்டம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிளில் பாய்ந்து அது சுடும்.

இதை ஓம் அளவையில் பிடிக்க முடியாது. 0.05 ஓம் மின்தடையில் 150 ஆம்பியர் பாய முயன்றால் 7.5 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். வோல்ட்டிலேயே அளக்க வேண்டும். ஒரு முனை இன்ஜின் கட்டையின் சுத்தமான உலோகத்தில், மற்றது பேட்டரியின் எதிர்மின் (–) முனையில், சாவி திருப்பிய நிலையில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அவசரத்துக்கு ஜம்பர் கேபிளால் அந்த இரண்டையும் இணைத்துப் பாருங்கள். செல்ஃப் எடுத்தால் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

எர்த் சரி என்றால் செல்ஃபின் சிறிய முனைக்குப் போங்கள். பல வண்டிகளில் 50 என்று எண் இருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள். சாவி திருப்பும்போது 50இல் பேட்டரிக்கு நெருக்கமான மின்னழுத்தம் வராவிட்டால் குறை மேலே: ரிலே, ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், அல்லது ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸின் பார்க்-நியூட்ரல் சுவிட்ச். அதன் கனெக்டரை மாட்டாமல் விடுவது சகஜம். சில வண்டிகளில் இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவியும் செல்ஃபைத் தடுக்கும். பலவற்றில் அது எரிபொருளைத்தான் தடுக்கும்.

ஒரு இடைச்செருகல்: வரைவில் எர்த்துக்குப் ‘புவியிணைப்பு’ என்று இருக்கிறது. நான்கு ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் புவிக்கும் என்ன இணைப்பு? ‘மீள்பாதை’ என்று மாற்றுங்கள்.

மறுமொழி

மீள்பாதை நன்று. முதல் முறை மட்டும் ‘மீள்பாதை எனப்படும் எர்த்’ என்று வரட்டும்.

‘செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல’ நிலைக்கு ‘பற்றாமை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பற்றாக்குறை நினைவு வருகிறது. ‘பிடிக்காமை’ என்றால் வெறுப்பு. ‘எரியாமை’ என்று வைக்கலாமா? சிலிண்டருக்குள் எரியவில்லை என்பதுதானே செய்தி.

மறுமொழி

எரியாமைக்கு ஆட்சேபம் இல்லை. சுழற்றாமை, சுழலாமை, எரியாமை மூன்றும் வரிசையாகவே நிற்கின்றன. இன்ஜின் கிளம்பும் வரிசையும் அதுதான்.

ஒரு திருத்தம் மட்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் அடியில் பட்டறைச் சொல்லைச் சாய்வெழுத்தில் போடுங்கள். சுழற்றாமைக்கும் சுழலாமைக்கும் ‘ற்றா’, ‘லா’ என்பதுதான் வேறுபாடு. கிரீஸ் படிந்த பக்கத்தில் அது தெரியாது.