மை உரைக்கும் கல்லை வேண்டாம் என்றவர்கள்

கேள்வி: சீன எழுத்துக்கலைக்காரர்கள் மை உரைக்கும் கல் (மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்து மை எடுக்கும் கல்) என்றால் உயிரையே விடுவார்களாமே, அதைப் பரிசாகக் கொடுத்தும் வாங்காதவர் யாராவது உண்டா?

பதில் 1: பாவ் ஜெங். சீனாவின் சோங் அரச வம்ச காலத்தில், இந்தக் கல்லுக்கே பேர் போன துவான்ஜோவில் அதிகாரியாக இருந்தார். முன்பிருந்தவர்கள் அரசருக்கு என்று சொல்லிக் கற்களைப் பல மடங்கு வசூலித்துப் பெரிய இடங்களுக்குக் கொடுத்துவந்தார்கள், இவர் அரசருக்கு அனுப்பவேண்டிய கணக்குக்கு மேல் செய்யவிடவில்லை, பதவிக்காலம் முடிந்து போகும்போது ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகவில்லை.

பதில் 2: எனக்குப் பிடித்தது அதே சோங் காலத்து அதிகாரி சுன் ஃபூ. முப்பதாயிரம் காசு பெறும் கல்லை ஒருவர் நீட்டி, ஊதினாலே நீர் கோக்கும் என்றாராம். நாளெல்லாம் ஊதினாலும் ஒரு சுமை தண்ணீர், அது மூன்று காசுக்குக் கிடைக்குமே என்று திருப்பிவிட்டார். குசும்பு!

பதில் 3: சோங் காலத்து எழுத்துக்கலைக்காரர் மீ ஃபூ நேர் எதிர். அரசர் முன் அவருடைய கல்லில் மை உரைத்து எழுதி முடித்ததும் அந்தக் கல்லையே கேட்டு வாங்கி, அங்கியெல்லாம் மை வழிய அணைத்துக்கொண்டு ஓடினாராம்.