டெக்னிக்கல் ரைட்டர் ஆக என்ன தகுதி வேணும்? சப்போர்ட்ல இருந்து மாறலாமா?

கோவை_நைட்ஷிப்ட்
வணக்கங்க. பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில மூணு வருஷமா கஸ்டமர் சப்போர்ட், நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து உடம்பே போச்சு. இப்ப எங்க ஆபீஸ்லயே டெக்னிக்கல் ரைட்டர் ஓப்பனிங் வந்திருக்கு, ப்ராடக்ட எப்படி யூஸ் பண்றதுன்னு கைடு, ஹெல்ப் பக்கம் எழுதற வேல. டீம்ல ஒரு அண்ணன் கோடிங் தெரியாதவங்கள எடுக்கவே மாட்டாங்கன்றாரு, மேனேஜர் இங்கிலீஷ் நல்லா இருந்தா போதும்ன்றாங்க. யார் சொல்றது சரிங்க? ஒரு இன்ஸ்டிட்யூட்ல சர்டிபிகேட் கோர்ஸுக்கு 40 ஆயிரம் கேக்கறாங்க, சேரலாமா?

டாக்ஸ்_அக்கா
மொதல்ல அந்த 40 ஆயிரத்த பேங்க்லயே விட்டு வைங்க. கூகுள்ல டெக்னிக்கல் ரைட்டிங் ஒன், டூன்னு ரெண்டு கோர்ஸ் ஃப்ரீயாவே இருக்கு, அதப் படிங்க.

நான் 11 வருஷமா இதே வேலைல இருக்கேன், இன்டர்வியூவும் எடுக்கறேன். ஒரு இன்ஸ்டலேஷன் பக்கத்தக் குடுத்து சரி பண்ணச் சொல்வேன். அதுல 5வது ஸ்டெப்ல பழைய டேட்டாபேஸ டெலீட் பண்ணுன்னு இருக்கும், 6வதுல "இதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்திருக்கணும்"னு இருக்கும். வேணும்னே அப்படி வெச்சிருக்கேன். பாதிப் பேர் கமாவ திருத்தி, பாஸிவ் வாய்ஸ மாத்தி, அழகா நீட்டுவாங்க, பேக்கப் அங்கயேதான் உக்காந்திருக்கும். போன தடவ ஒரு பொண்ணு, இங்கிலீஷ் சுமார்தான், "மேடம் இத ஓட்டிப் பாக்க ஒரு மெஷின் கிடைக்குமா"ன்னு கேட்டா. அவளத்தான் எடுத்தோம். கிராமர எடிட்டர் பாத்துப்பாரு, மெஷின் கேக்கற புத்திய யாரும் சொல்லிக் குடுக்க முடியாது.

பேக்எண்ட்_பாவி
டெவலப்பர் சைடுல இருந்து ஒண்ணு சொல்றேன். கோடு எழுதத் தெரிய வேணாம், ஆனா ஜேசன் (டேட்டாவ எழுதற ஒரு ஃபார்மட்) பாத்தா பயப்படக் கூடாது, போஸ்ட்மேன்ங்கற டூல்ல ஒரு ஏபிஐய (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட பேசற வழி) அடிச்சுப் பாக்கத் தெரியணும், மார்க்டவுன் (டெக்ஸ்ட ஃபார்மட் பண்ற சிம்பிள் குறியீடு), கிட்ல (ஃபைல்ல பண்ற மாத்தத்தயெல்லாம் பதிஞ்சு வைக்கற டூல்) ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்கறது, போடற அளவுக்கு, அவ்ளோதான், பத்து நாள் வேல.

எங்களுக்குக் கடுப்பாகறது எதுன்னா, வேல விவரம் எழுதி வெச்சிருக்கற டிக்கெட்டக் கூட படிக்காம வந்து "கொஞ்சம் ஆரம்பத்துல இருந்து எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க"ன்னு ஒரு மணி நேரம் மீட்டிங் போடறது. எங்க டீம் ரைட்டர் ஒருத்தர், "லாகின் டோக்கன் எக்ஸ்பைர் ஆனா 401 எரர் வரும்னு ஸ்பெக்ல இருக்கு, எனக்கு 403 வருது, எத எழுதட்டும்"னு கேட்டாரு. பாத்தா எங்க பக். அவரு கேட்டா எந்த வேலையா இருந்தாலும் நிறுத்திட்டுப் பேசுவோம்.

விமான_மேனுவல்
நம்ம ஃபீல்டு வேற, ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் மேனுவல். லிட்டரேச்சர் படிச்சவங்க இங்க வந்தா மொத ஆறு மாசம் கஷ்டம், நானும் அதே கேஸ்தான். காலேஜ்ல ஒரே வார்த்த ரெண்டு தடவ வந்தா நல்லா இல்லன்னு மாத்தச் சொல்வாங்கல்ல, இங்க மாத்துனா மெக்கானிக் அது வேற பார்ட்னு நினைச்சுப்பாரு. சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, ஏஎஸ்டி-எஸ்டிஇ100. ஸ்டெப் எழுதற வாக்கியம்னா 20 வார்த்தைக்கு மேல போகக் கூடாது, விளக்கம்னா 25. ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். "ஃபாலோ"ன்னா பின்னாடி வர்றதுன்னு மட்டும்தான், இன்ஸ்ட்ரக்‌ஷன "ஃபாலோ" பண்ணுன்னு எழுத முடியாது, "ஒபே"ன்னுதான் போடணும். மேனுவலப் படிக்கற நெறையப் பேருக்குத் தாய்மொழி இங்கிலீஷ் கெடயாதுங்கறதுதான் காரணம். சாஃப்ட்வேர்ல இவ்ளோ கெடுபிடி இல்ல, ஆனா இத ஒரு தடவ படிச்சா எழுத்து தானா சுருங்கிடும்.

சும்மா_சொல்றேன்
இனிமே இதுக்கெல்லாம் யாருப்பா வேல குடுப்பா, சாட்ஜிபிடியே எழுதிடுது. அமெரிக்காவுல 1950கள்ல இருந்து இருந்த எஸ்டிசி, டெக்னிக்கல் ரைட்டர்ங்களோட சங்கம், அதையே 2025 ஜனவரில மூடிட்டாங்க.

டாக்ஸ்_அக்கா
சங்கத்த மூடுனது காசு இல்லாம. ஆனா ஓப்பனிங் கம்மியாகுதுங்கறது உண்மைதான், மறைக்கல. நானும் டெய்லி ஏஐ யூஸ் பண்றேன், ட்ராஃப்ட்டு சூப்பரா தரும், கூடவே எங்க ப்ராடக்ட்ல இல்லவே இல்லாத ஒரு பட்டன அமுக்கச் சொல்லும். ஓட்டிப் பாக்கறவங்களுக்குத்தான் அது கண்ணுல படும்.

கோவை_நைட்ஷிப்ட்
அக்கா அந்த பேக்கப் கதையப் படிச்சதும் எங்க பாஸ்வேர்ட் ரீசெட் ஆர்ட்டிகிள் ஞாபகம் வந்துச்சுங்க. அதுல சொல்ற மெனு போன வருஷமே இடம் மாறிப் போச்சு, நாங்க டெய்லி லிங்க அனுப்பிட்டு, அப்புறம் சாட்ல "அது இல்லங்க, மேல ரைட் சைடு"ன்னு கையால டைப் பண்ணிட்டு இருக்கோம். இத மாத்தி எழுதி அப்ளிகேஷனோட வெக்கலாங்களா?

டாக்ஸ்_அக்கா
அதேதான் வைங்க, பழசு புதுசு ரெண்டையும். அதுக்கு முன்னாடி, டீம்ல புதுசா சேந்த யாருக்காவது குடுத்து, பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்காம பாருங்க. எந்த எடத்துல அவங்க உங்கள திரும்பிப் பாக்கறாங்களோ, அந்த வரிய மறுபடி எழுதுங்க.