புதுப்பிப்பு: எங்கள் தெரு செல்போன் பறிப்புகள்

போன மாதம் எழுதியிருந்தேன்: சென்னைப் புறநகரில் எங்கள் தெருவில் பைக்கில் வருபவர்கள் செல்போனைப் பறிக்கிறார்கள், ஆனால் போலீஸ் மெயின் ரோட்டில் ஹெல்மெட் சோதனையோடு நின்றுவிடுகிறது என்று. பலர் என்ன ஆச்சு என்று கேட்டீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினோம். பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை) மட்டும்தான். சிலருக்கு 'தொலைந்துபோனது' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லாத பறிப்பு குற்றக் கணக்கில் வராது. கணக்கில் வராத தெருவுக்கு ரோந்து எப்படி வரும்?

சட்டம் நம் பக்கம் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பறிப்பு தனிக் குற்றம்: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304வது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகலும் இலவசம். மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்.

இதையெல்லாம் குறிப்பிட்டு மனு கொடுத்த பிறகு இரண்டு புகார்கள் எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கின்றன. இரவு ரோந்தும் வருகிறது, ஆனால் பறிப்பு நடப்பது பெரும்பாலும் விடியற்காலையில், பால் வாங்கப் போகிற நேரத்தில். அந்த நேரத்துக்கும் ரோந்து கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

போனை இழந்தவர்கள் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் தனி அடையாள எண்) உடனே முடக்குங்கள்.