சீனி ஏறாமல் அமிலம் ஏறினால் அதற்கு என்ன பெயர்?

பொருள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்
அனுப்பியவர்: மருந்தாளர், சுங்கை சிப்புட்

மருத்துவத் தமிழ்ச் சொற்குழுவினருக்கு வணக்கம். தைப்பூச விரதம் தொடங்குமுன் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கோயில்களிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளி மதியம் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பைத் தவிர எல்லாம் எழுதியாயிற்று.

விஷயம் இது. டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், சிறுநீரகம் சீனியைத் திரும்ப உறிஞ்சாமல் தடுத்து அதைச் சிறுநீரோடு வெளியே தள்ளுகின்றன. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மட்டுமல்ல, இதயத் தளர்ச்சிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் இப்போது இவற்றைத் தருகிறார்கள். இதைச் சாப்பிடும் இனிப்பு நீர்க்காரர் சோறு தண்ணீரைக் குறைத்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் ஏறி அமிலம் கூடலாம். விரலில் குத்திப் பார்த்தால் கருவி 9, 10 மில்லிமோல் என்றுதான் காட்டும். சீனி நல்லாத்தானே இருக்கு என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். மருத்துவர்கள் இதை யூகிளைசீமிக் கீட்டோஅசிடோசிஸ் என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு: சீனி ஏறாக் கீட்டோன் நச்சு.

---

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ

அன்புத் தம்பிக்கு,

'ஏறாக் கீட்டோன்' என்று ஒற்று மிகுத்து எழுதினீர்கள், மகிழ்ச்சி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் மூலச்சொல்லில் எதிர்மறை இல்லையே. கிரேக்கத்தில் 'யூ' என்பது நன்மை. இல்லாததைச் சொல்வது வேறு, நல்லதாய் இருப்பதைச் சொல்வது வேறு. 'நல்' என்ற அடையைப் பார்க்கலாம். அல்லது இயல்பைக் குறிக்கும் 'இயல்'. இயல்சர்க்கரை எனலாம்.

சர்க்கரை வடசொல் என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வடமொழியில் அதற்குப் பருக்கைக்கல், சரளை என்றும் பொருள். சீனி, சீன நாட்டிலிருந்து வந்ததால் பெற்ற பெயர். தமிழில் 'அயிர்' இருக்கிறது. அதற்கு நுண்மணல் என்றும் பொருள், கண்டசர்க்கரை என்றும் பொருள். இரு மொழிக்காரரும் வாயில் போடுமுன் கையில் வைத்து நெருடிப் பார்த்திருக்கிறார்கள் போலும். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலையில் காய்ச்சப்படுவதற்கு 'விசயம்' என்று பெயர். அமிலமும் வடமொழி 'அம்ல'த்தின் வழி வந்தது; நமக்குக் 'காடி' உண்டு, 'புளிமம்' உண்டு. ஆகவே 'நல்லயிர்க் காடியேற்றம்' என்பதையும் குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

---

அனுப்பியவர்: நீரிழிவுத் தாதி, கோலகங்சார்

ஐயா, கோபிக்காமல் கேளுங்க. நல்லயிர் என்று போட்டால் 'நல்ல உயிர்' என்பதில் எழுத்து விட்டுப்போச்சு என்று அச்சகத்துக்காரரே திருத்திவிடுவார். நற்சீனி என்று போட்டால் குலா மெலாக்கா வெல்லம் சாப்பிடச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

தம்பியின் 'நச்சு'க்கும் நான் எதிர்ப்பு. மாத்திரையில் நஞ்சு இருக்கிறது என்று படித்தால் இந்த ஒன்றை மட்டும் நிறுத்த மாட்டார்கள். இன்சுலின் ஊசியையும் சேர்த்து நிறுத்துவார்கள். சாப்பிடவில்லை, அதனால் ஊசி வேண்டாம் என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் பேச்சு. கீட்டோன் ஏறுவதற்கு அதைவிட நேர்வழி கிடையாது. சாப்பாடு குறைந்தால் இன்சுலின் அளவை மருத்துவரைக் கேட்டு மாற்றலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. இந்த வரி தடித்த எழுத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 'நோய்நாள் விதிகள்' என்று இருக்கிறது. விரதம் இருப்பவருக்கு நோய் இல்லையே! காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அந்தப் பக்கத்தைப் படிப்பார். காவடி எடுக்கப்போகிறவர், ஒருவேளைச் சோற்றோடு மண்டலம் முழுதும் இருப்பவர், நமக்கில்லை என்று மடித்து வைத்துவிடுவார். உங்கள் யூகிளைசீமிக்கை விட அந்தத் தலைப்புதான் ஆளைக் கொல்லும்.

---

அனுப்பியவர்: பொது மருத்துவர், தைப்பிங்

தாதி அக்கா சொன்ன இரண்டும் சரி. 'இதயச் செயலிழப்பு' என்று எழுதாமல் 'தளர்ச்சி' என்று எழுதியதற்கும் தம்பிக்கு நன்றி. செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே நோயாளிகள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையை வேறொரு நாள் போடலாம்.

எனக்கும் இந்தச் சொல் தேவை. பயிற்சி மருத்துவர்களுக்கான தமிழ் நேர்வுக் கலந்துரையாடலுக்கு ஒரு நேர்வை இட்டுக்கட்டியிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் 58 வயதுப் பெண், எடை 62 கிலோ, எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். விரதத்தின்போது இரண்டு நாளாகக் குமட்டல், வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமூச்சு. குளுக்கோஸ் 10.4 மில்லிமோல். இரத்தத்தின் பிஎச் (அமிலம் கூடினால் இறங்கும் எண்) 7.12, பைகார்பனேட் 8, சோடியம் 136, குளோரைடு 101. எதிரயனி இடைவெளி (கணக்கில் வராத அமிலத்தைக் காட்டும் எண்) 136-இலிருந்து குளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்த 109 போக 27. இரத்தக் கீட்டோன் 5.4. முதலில் பார்த்தவர் குளுக்கோஸை மட்டும் பார்த்து இரைப்பை அழற்சி என்று மருந்தெழுதி அனுப்பியிருப்பார். கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது.

சிகிச்சையிலும் அதே வழுக்கல். இன்சுலின் மணிக்குக் கிலோவுக்கு 0.1 அலகு, அதாவது இவருக்கு 6.2 அலகு. பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்ற வேண்டும், அதுவரை இன்சுலின் காத்திருக்கட்டும். வழக்கமான நேர்வில் சீனி இறங்கிய பிறகுதான் டெக்ஸ்ட்ரோஸ் (நரம்பில் ஏற்றும் சீனிநீர்) சேர்ப்போம். இங்கே உப்புநீரோடு தொடக்கத்திலேயே டெக்ஸ்ட்ரோஸும் ஓட வேண்டும். சீனி இறங்குகிறதே என்று இன்சுலினைக் குறைத்தால் கீட்டோன் அடங்காது. டெக்ஸ்ட்ரோஸைக் கூட்ட வேண்டும், இன்சுலினைக் குறைக்கக் கூடாது.

பெயருக்கு வருகிறேன். இந்தத் தொடர் 1973-இல் எடின்பரோ மருத்துவர்களின் கட்டுரையில் வந்தது: 211 நிகழ்வுகளில் 37. அவர்கள் வைத்த குளுக்கோஸ் வரம்பு 300 மில்லிகிராம், நம் கணக்கில் 16.7 மில்லிமோல். அதை 'இயல்பு' என்று யார் சொல்வார்? பிறகு 250 ஆயிற்று, அதாவது 13.9. 2024-இல் பன்னாட்டு நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை 200-க்கு, அதாவது 11.1-க்கு இறக்கியது. நீரிழிவு உள்ளவர் என்று முன்பே தெரிந்தால் குளுக்கோஸ் எவ்வளவு இருந்தாலும் நோயைத் தீர்மானிக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. அதற்கு வேண்டியவை: கீட்டோன் 3 அல்லது அதற்கு மேல், பிஎச் 7.3-க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழ். ஆக வரம்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 'இயல்' என்று கட்டிவிட்டால் 10.4 இயல்பு என்று தமிழில் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். எனக்கு 'மறைகீட்டோன் அமிலமிகை' பிடித்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். மாத்திரையைக் கெட்டதாக்கிவிடாதீர்கள். 2019-இல் வந்த இதயத் தளர்ச்சி ஆய்வில் 4744 பேர். இதய, இரத்தக்குழாய் நோயால் இறப்பும் இதயத் தளர்ச்சி முற்றுதலும் சேர்ந்த முதன்மை விளைவு 21.2 விழுக்காட்டிலிருந்து 16.3-க்கு இறங்கியது. அங்கே கீட்டோன் அமில நிலை டாப்பாகிளிஃப்ளோசின் பக்கம் மூவருக்கு மட்டுமே. 17,160 நீரிழிவு நோயாளிகளைச் சேர்த்த இன்னோர் ஆய்வில் 0.3 விழுக்காடு, போலி மாத்திரைப் பக்கம் 0.1. அரிது, ஆனால் கோட்டைவிட்டால் உயிர்போகும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். விரதத்துக்காக இதய நோயாளி தானாக 48 நாள் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். மாலை போடுமுன் மருத்துவரைப் பார்க்கட்டும்.

---

அனுப்பியவர்: ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், பினாங்கு

> மறைகீட்டோன் அமிலமிகை

மறைவது கீட்டோன் இல்லையே டாக்டர். கீட்டோன் கருவியில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. மறைவது ஆபத்து. அதோடு இந்நிலையில் அதிகம் சேர்வது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். வேதியியல்படி அது கீட்டோனே அல்ல, ஹைட்ராக்சி அமிலம். வழக்கு காரணமாகக் கீட்டோன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் பெயர்ச்சண்டை இல்லை. சிறுநீர்ப் பட்டையில் உள்ள நைட்ரோபுரூசைடு என்ற வேதிப்பொருள் அசிட்டோஅசிட்டேட் என்ற இன்னொரு கீட்டோனுக்குத்தான் நிறம் மாறும், பீட்டாவைப் பிடிக்காது. பட்டையில் 'சிறிதளவு' என்று வந்தாலும் இரத்தத்தில் 5 இருக்கலாம். சிகிச்சை தொடங்கியபின் பீட்டா, அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால் நோயாளி தேறும்போது பட்டை இன்னும் கருஞ்சிவப்பாகும், தெரியாதவர் பயந்துபோவார். துண்டறிக்கையில் 'இரத்தக் கீட்டோன்' என்று எழுதுங்கள். 0.6-க்குக் கீழ் சரி, 1.5-ஐத் தாண்டினால் உடனே ஆலோசனை, 3 என்றால் நேரே மருத்துவமனை. சிறுநீரில் சீனி தெரிவதை வைத்தும் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிட்டால் அது எப்போதும் தெரியும், நிறுத்திச் சில நாள் ஆன பின்னும் தெரியலாம்.

---

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ

கீட்டோனைத் தமிழில் 'கீற்றோன்' என்று எழுதும் ஈழத்துப் பாடநூல் மரபு ஒன்று உண்டு என்பதைச் சொல்ல மறந்தேன். றகர இரட்டிப்பு அங்கே 'ட்'டை நாவின் நுனிக்குக் கொண்டுவருகிறது. நாம் எழுதும் கீட்டோன் நா வளைந்து ஒலிப்பது. 'வடவெழுத்து ஒரீஇ' என்ற தொல்காப்பிய நெறியை மேலைச் சொற்களுக்கும் நீட்டினால், எழுத்தை மட்டும் விலக்கினால் போதுமா, ஒலியிடத்தையும் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி எழும். இதற்குத் தனிமடல் எழுதுகிறேன்.

'அமிலமிகை' நல்ல சொல். 'அமிலத்தேக்கம்' வேண்டாம். தேங்குவது வழியடைத்து நிற்பது. இங்கே கல்லீரல் ஓயாமல் உற்பத்தி செய்கிறது. ஆனால் 'மறை' என்பதை வேதம் என்று கொள்வாரும் உளர்.

---

அனுப்பியவர்: நீரிழிவுத் தாதி, கோலகங்சார்

வேதமா! ஐயா, நாளை மறுநாள் வெள்ளி.

'நோய்நாள்' போகட்டும், 'உண்ணாநாள்' என்று வைப்போம். விரதமும் அதில் வரும், வாந்தியும் வரும், அறுவைக்கு முன் வெறும் வயிறும் வரும். முருகனுக்கு மாலை போட்டவருக்கும் உறைக்கும்.

---

அனுப்பியவர்: பொது மருத்துவர், தைப்பிங்

உண்ணாநாள் நன்று. ஆனால் அறுவைக்கு மூன்று நாள் முன்பே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். அதைத் தனி வரியாகப் போடுங்கள். ஒருவேளை உண்பவர் 'நான்தான் உண்கிறேனே' என்பார். 'உண்ணாநாள், குறையுணவு நாள்' என்று இரண்டையும் சேர்த்துவிடலாம்.

---

அனுப்பியவர்: மருந்தாளர், சுங்கை சிப்புட்

இதுவரை வந்ததை வைத்து முடித்திருக்கிறேன். 'சீனி ஏறாக் கீட்டோன் அமிலமிகை'க்கு நால்வர், 'மறை'க்கு டாக்டர் ஒருவர், ஐயா இன்னும் 'இயல்சர்க்கரை'யை விடவில்லை. பயிற்சி வகுப்புக்கு எதை எடுத்தாலும் டாக்டர் விருப்பம்.

துண்டறிக்கை வாசகம் இப்படிப் போகிறது:

சீனி ஏறாக் கீட்டோன் அமிலமிகை. சீனிக் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. உண்ணாநாளிலும் குறையுணவு நாளிலும் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவும். வாந்தியால் சோறு தண்ணீர் இறங்கவில்லை என்றால் அன்றே மாத்திரையை நிறுத்தவும். இன்சுலினை ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அசதி இருந்தால், சீனி 8 என்று காட்டினாலும் மருத்துவமனைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி, இரத்தக் கீட்டோன் பார்க்கக் கேட்கவும். 24 முதல் 48 மணி நேரம் வழக்கம்போல் சாப்பிட்டுக் குடித்த பிறகே மருத்துவர் சொற்படி மீண்டும் தொடங்கவும்.

---

அனுப்பியவர்: ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், பினாங்கு

நால்வரில் என்னைச் சேர்க்காதீர்கள். 10.4 என்பது ஏறிய சீனிதான், ஏறாச் சீனி அல்ல. 'மிகா' என்றாவது போட்டிருக்கலாம். அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது பக்கத்தில் 'கருத்து வேறுபாடு உண்டு' என்று குறித்துவிடுங்கள். அமிலமிகை என்பது உடலில் அமிலம் கூடும் போக்கா, இரத்தத்தின் பிஎச் 7.35-க்குக் கீழே போன நிலையா என்பதும் முடிவாகவில்லை. அவை இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

---

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ

போக்குக்கு 'அமிலமிகை', நிலைக்குக் 'குருதியமிலமை'. 'குருதிக்காடி' என்பதையும் பரிசீலிக்கலாம். கீற்றோன் மடல் தனியே வருகிறது.